செவ்வாய், வியாழன் இடாப்பு

திங்கள், புதன், வெள்ளி
அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை.
செவ்வாயும் வியாழனும் என்னோடு.

அதிபர் சம்மதிக்க நாலு மாதம் எடுத்தது.
வலயத்துக்கு ஒரு கடிதம்,
டொக்டரின் கடிதம்,
பிறகு முதல் கடிதம் எங்கே என்று கேட்டு இன்னொரு கடிதம்.
"அரைவாசிப் பிள்ளையைப் பதிய
எங்கட இடாப்பில கட்டம் இல்லையே அம்மா" என்றார்.
கோபத்தில் சொல்லவில்லை.
மெய்யாகவே கட்டம் இல்லை.

தண்டவாளத் துண்டொன்றைக் கட்டித் தூக்கி
அதில்தான் மணி அடிப்பார்கள்.
ஆதிரையனுக்கு அது பல்லுக்குள் கேட்கும்.
முதல் வருசம் ஐந்து நாளும் போனான்,
ஐந்து நாளும் சத்தி எடுத்தான்,
ஐந்து நாளும் வெள்ளைச் சட்டையை ஊறப்போட்டேன்.
நிப்பாட்டிப் போடு என்றார் தகப்பன்,
கட்டாரிலிருந்து, கோல் பாதியில் அறுந்தது.
பிள்ளைதான் மாட்டேன் என்றான்.
"அங்க ரிம்சான் இருக்கிறான்."

ரிம்சான் யன்னலோரம் இருப்பவன்.
மணியடிக்கப் போகும் பெடியனை முதலே கண்டு
மேசைக்குக் கீழே இவன் முழங்காலில் இரண்டு தட்டு.
இவன் காதைப் பொத்திக்கொள்வான்.
எந்த டொக்டரும் எழுதித் தராத மருந்து.

செவ்வாய்.
உவர்மலைச் சரிவில் எங்கள் வாடகை வீடு,
கீழே உட்துறைமுகம் தகரம்போல் மினுங்கும்.
நான் பள்ளிச் சீருடை தைக்கிறவள்;
மெசின் சத்தம் மட்டும் ஏனோ அவனுக்குப் பிடிக்கும்.
காலர் வளைவில் பாகைமானி வைத்துப் பார்க்கிறான்.
கீரிமீன் முந்நூறு கிராம் என்ன விலை என்று
மீன்காரரை வெயிலில் மறித்து வைத்துக் கணக்குப் போடுகிறான்,
அவர் சொன்னதில் பதினைந்து ரூபா பிழை.
மான்கள் வேலிக்கு வந்தால் பாடம் நின்றுவிடும்.
பதினொன்று. ஒன்றின் கொம்பில் சொப்பிங் பை.
அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினான்,
புதன்கிழமை கொண்டுபோனான்,
'தொடக்கம் இல்லை' என்று சிவப்பில் வந்தது.
மான் எங்கே தொடங்குகிறது என்று என்னைக் கேட்டான்.

எனக்கு எங்கே தெரியும்.
என்னுடைய நாலாம் ஆண்டு தொண்ணூறில்,
பாதி வகுப்பில், மீதி முகாமில்
தண்ணீர் வரிசையில்.
இப்போது அவன் நித்திரையான பிறகு
அவனுடைய புத்தகத்தில் நாளைய பக்கத்தைப் படிக்கிறேன்.
பின்னம் வகுத்தல் மூன்று இரவு எடுத்தது.
அவனுக்கு அரை மணித்தியாலம்.

போன கிழமை
அவனுடைய கொப்பியின் கடைசித் தாளில்
அடிமட்டம் வைத்துக் கீறிய கட்டங்கள் கண்டேன்.
ஒரே ஒரு பெயர், என் முழுப்பெயர்.
செவ்வாய், வியாழன், செவ்வாய், வியாழன்.
சில கட்டத்தில் சரி,
சிலவற்றில் சிவப்பு வட்டம்.

"செவ்வாய்க்கிழமை நான் வீட்டிலதானே இருந்தன்?"

"இருந்தீங்கள்," என்றான்.
"வரயில்லை."

தவணை தொடங்க ஒரு கிழமை,
நாற்பது சட்டை ஓடர், போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில்,
அவன் மூன்று தரம் கேட்ட கேள்விக்கு
மூன்று தரமும் ஓம் என்றிருக்கிறேன்.
கேள்வி ஓம் சொல்லக்கூடிய கேள்வியே இல்லையாம்.

தகராறு பண்ணவில்லை.
அதிபரைவிட இவன் பரவாயில்லை,
எனக்கென்று கட்டம் கீறியிருக்கிறான்.

வியாழன் காலை எட்டு மணி.
மெசினைத் துணியால் மூடினேன்,
போனை அரிசி வாளிக்குள் வைத்தேன்,
அவனுக்கு எதிரே கதிரை போட்டு இருந்தேன்.
அவன் பேனை மூடியைக் கழற்றினான்.

"மங்களேஸ்வரி."

"வந்திருக்கிறன்."

நிமிர்ந்து பார்க்கவில்லை.
சரி போட்டான், மை காய ஊதினான்.
"முப்பத்தி நாலாம் பக்கம் எடுங்கோ."